நீல டேப் ஒட்டிய வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை. செனாயில் நான் வேலை செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், பெண்கள் யாரும் கழிப்பறைக்குத் தனியாகப் போக மாட்டார்கள், கடைசிக் கதவுக்குப் பின்னால் யாரோ அழுகிறார்களாம். எனக்கு மூட்டு வலி. கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் அந்தக் கடைசிக் கதவுதான் எனக்கு வசதி, யாரும் வந்து தட்ட மாட்டார்கள். இத்தனை வருடத்தில் அங்கே அழுத ஒரே ஆள் நான்தான், அதுவும் சூப்பர்வைசர் திட்டியதற்காக.

அதனால் நான் சொல்லப் போவதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. சிரித்தால்கூடக் கோபப்பட மாட்டேன், என் புருஷனே சிரித்தார். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் செத்துப்போனவர்கள் என்று யாருமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் திரைச்சீலைக்கு அளவெடுத்துத் தைத்து மாட்டுவேன், அதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் தனக்கு அந்த வீடு வேண்டும் என்பார். கடைசியாக இருந்த வீட்டிலும் அதுவேதான், மகனுக்குக் கல்யாணமாம், காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போதும் என்றாகிவிட்டது எனக்கு. இனி சொந்த வீட்டுக்குத்தான் சாமான் தூக்குவேன் என்று என் புருஷன் சரவணனிடம் ஒற்றைக் காலில் நின்றேன். அப்போது கூலாய் என்ற ஊரில் அமைந்ததுதான் இந்த வீடு. ஒற்றை மாடி வரிசை வீடு, பின்பக்கம் செம்பனைத் தோட்டம், முன்னால் ஒரு கொய்யா மரம். பார்த்த அன்றே எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி என்று முடிவு செய்துவிட்டேன்.

விற்பவர் ராமையா அங்கிள், ஓய்வுபெற்றவர். மனைவிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததால், இரண்டு பேரும் கெலாங் பாத்தாவில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்.

எனக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். சரவணன்தான் விடவில்லை. அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர், ஒரு பைக் டயர் வாங்கவே நாலு கடை ஏறுவார்.

"ஆள் வச்சு வீட்ட செக் பண்ணிட்டுத்தான் வாங்கணும் மீனா," என்றார்.

"புது வீட்டுக்குத்தாங்க ஆள் வச்சு பாப்பாங்க. பழைய வீட்டுக்கு யாரு லா பாப்பா?"

"பழைய வீட்டுக்குத்தான் பாக்கணும். புது வீடுன்னா ஒடஞ்சத டெவலப்பர் செஞ்சு குடுப்பான். இதுக்கு யாரு வருவா? உங்க அண்ணனா?"

என் அண்ணன் வர மாட்டார் என்பது எனக்கும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சரவணன் தன் நண்பர் மூலம் பிடித்த ஆள் தேவன். கட்டட வேலை படித்தவர், வீடுகளைப் பரிசோதித்துச் சொல்வதே தொழில். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லி, மழையில் மாட்டிக்கொண்டு, பொழுது சாய ஆரம்பித்த பிறகுதான் வந்து சேர்ந்தார். சரவணனுக்கு அன்றைக்கும் வேலை, அதனால் நான் மட்டும்தான். நல்ல மனிதர், ஆனால் கடுகடுப்பு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஏணி, டார்ச் லைட், சுவரில் ஈரம் பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் ஹாலில் பரப்பினார். கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு இடத்தில் ஒழுகுகிறது என்றார். வயரிங் பழசு என்றார். நான் எல்லாவற்றுக்கும் "அது பரவால்ல அண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க வீட்ட விக்கிற பார்ட்டியா, வாங்குற பார்ட்டியா?" என்று கேட்டுவிட்டார்.

அப்புறம் தரை. நுனியில் இரும்புக் குண்டு வைத்த ஒரு கம்பி வைத்திருந்தார். அதால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போனார். அடியில் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்தால் 'டிக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடியில் வெறும் காற்று இருந்தால் 'டொக்' என்று கேட்கும். கோசோங் என்று சொல்கிறோமே, காலி, அதுதான். அப்படிப்பட்ட இடத்தில் அவர் நீல டேப்பைக் கிழித்து ஒட்டி, அதன்மேல் கறுப்பு மார்க்கரில் ஒரு வட்டம் போடுவார், போனில் படம் எடுப்பார். அது அவர்கள் வேலை செய்கிற முறை.

ஹால் முழுக்க டிக், டிக், டிக். சமையலறை வாசலில் மட்டும் ஒரு டைல்ஸ் 'டொக்' என்றது. டேப் ஒட்டினார், வட்டம் போட்டார், படம் எடுத்துவிட்டு அறைகளுக்குள் போனார். நான் ஹால் நடுவில் நின்று சோபாவை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் என்ன நினைத்தாரோ, டேப் ஒட்டிய அதே டைல்ஸை இன்னொரு தரம் தட்டினார். டிக்.

மறுபடி தட்டினார். டிக். முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்து டைல்ஸைத் தட்டினார். டொக்.

"அலமாக். இது முன்ன நல்லா இருந்திச்சே," என்றார். அதற்கும் டேப் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தட்டினால் அது கெட்டி. வாசல் பக்கமாக அதற்கு அடுத்தது காலி.

நான் சிரித்துவிட்டேன். "அண்ணே, மழையில நனஞ்சி காதுல தண்ணி போயிருச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்களே தட்டிப் பாருங்க," என்று கம்பியை என் கையில் கொடுத்தார். தட்டினேன். பலாப்பழம் வாங்கத் தெரிந்த யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். அவர் மறுபடி வாங்கித் தட்டினார், ஒட்டினார், தட்டினார், ஒட்டினார். அந்த ஹாலில் காலியான டைல்ஸ் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆனால் அது ஓரிடத்தில் இல்லை. சமையலறை வாசலிலிருந்து முன்வாசலைப் பார்த்து, ஒவ்வொரு கல்லாக, ஒரு ஆள் மெதுவாக நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அது போகிற வழியில் நான் நின்றுகொண்டிருந்தேன். தேவன் எனக்கு முன்னால் இருந்த கல்லைத் தட்டினார், டொக். உடனே என் முதுகுக்குப் பின்னால் எட்டித் தட்டினார், டொக். நடுவில் நான் நின்ற கல்லை அது எப்படிக் கடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சூடு இல்லை, குளிர் இல்லை, காற்றுகூட வீசவில்லை. சமையலறையில் அவசரமாக வேலையாக இருக்கும்போது யாராவது நம்மை ஒதுக்கிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

முன்வாசல் கிரில் கதவுகிட்ட வந்து அது நின்றது. தேவன் மண்டியிட்டு அதையே தட்டிக்கொண்டிருந்தார், டொக், டொக், டொக், வெகுநேரம் அங்கேயே இருந்தது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கப்புறம் திரும்பியது. வந்த வழியே, சமையலறைக்கு.

அவர் குனிந்து டேப்பையெல்லாம் உரித்தார். வீடு இன்னும் எங்களுடையது இல்லை, விற்பவரின் தரையில் எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அவர் வழக்கம். உரித்ததைப் போனில் எடுத்த படங்களோடு ஒத்துப் பார்த்தார். ஒன்று குறைந்தது. முன்வாசல்கிட்ட ஒட்டியது. எங்கள் காலடியில், ஏணிக்கடியில், பைக்குள், எங்கே தேடியும் இல்லை.

"டைல்ஸ் பத்தி என்னண்ணே எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்த எழுத? நல்லா இருக்குன்னுதான் எழுதணும். ஒரு நேரத்துல ஒரு கல்லுதானே," என்றார். ஷூவைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஏணியை வண்டியில் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து சரவணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இன்ஸ்பெக்‌ஷனே வேணாம்னு சொன்ன ஆளு, இப்ப கல்லு நடக்குதுங்கிறே," என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த வீடு எனக்கு வேண்டும். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டுமென்று சொல்லவும் தைரியமில்லை. அந்த வாரம் முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியாமல் அந்த வாடகை வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, ஒழுகுகிற கூரையைப் பற்றிப் பேசுவதற்காகக் கெலாங் பாத்தா போனோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ராமையா அங்கிளின் மகள் குடிக்க மைலோ கலக்கிக் கொடுத்தாள். ஹாலிலேயே கட்டில் போட்டு அங்கிளின் மனைவியைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒல்லியான அம்மா, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. சரவணன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்ததும், அந்தக் கண் அவர்மேல் நின்றது.

"ஏன்யா இவ்ளோ லேட்டு?" குளறித்தான் வந்தது, ஆனால் புரிந்தது. "பாலத்துல ஜாமா?"

எல்லோரும் சங்கடப்பட்டார்கள். சரவணன் மட்டும் படவில்லை. கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஆமாம்மா, ஜாம். அதான் லேட்டாயிருச்சி," என்றார். அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே என் புருஷனை நான் இன்னொரு தரம் கட்டிக்கொள்வேன்.

அங்கிள்தான் விளக்கினார். அவர்கள் மகன் முன்பு சிங்கப்பூருக்குப் பைக்கில் போய்வந்தவன். அவன் வருகிற வரைக்கும் இந்த அம்மா சமையலறைக்கும் வாசலுக்கும் நடையாக நடப்பார்களாம். "அவன் இப்ப நல்லாத்தான் இருக்கான். கல்யாணம் கட்டி அங்கியே செட்டிலாயிட்டான், தீபாவளிக்கி வருவான். ஆனா இவ நடக்குறத நிறுத்தல. படுக்கையில விழுற அன்னிக்கி வரைக்கும் நடந்தா."

"இப்ப மட்டும் என்ன," என்றாள் மகள். அம்மாவின் காலை ஈரத்துணியால் துடைக்கப் போர்வையை விலக்கினாள். "கட்டில விட்டு எறங்கி வருஷமாவுது. பாதம் மட்டும் எப்படித்தான் அழுக்காவுதுன்னே தெரியல, டெய்லி தொடைக்கிறேன்."

நான் அந்தப் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலில் ஒட்டிக்கொண்டு, ஓரம் சுருண்டு, நீல டேப். கறுப்பு மார்க்கரில் வட்டம்.

மகள் அதை ஏதோ குப்பை என்று உரித்துத் துணியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த அம்மா மறுபடி வாசலைப் பார்க்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் போய், என்னவோ போல் ஆகிவிட்டது. நானும் தினமும் அதே ஜாமில் வருகிறவருக்காகக் காத்துக் கிடக்கிறவள்தானே.

"வீடு விக்கிறது அம்மாவுக்குத் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லவில்லை என்று புரிந்தது.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, நானே கட்டிலில் உட்கார்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அம்மா, கூலாய் வீட்டுல நாங்க வந்து இருந்துக்கவா? எங்க வீட்டுலயும் சிங்கப்பூர் போற ஆளு இருக்காரு."

அந்தக் கண் வாசலை விட்டு என்மேல் திரும்பியது. பிறகு சொன்னார்கள். "வாசல் லைட்ட அணைக்காதம்மா."

வாங்கிவிட்டோம். தேவன் சொன்னபடி கூரையைச் சரி செய்து, வயரிங் மாற்றி, பால் காய்ச்சிக் குடிபோனோம். வாசல் விளக்கை நான் அணைப்பதே இல்லை. பொழுது சாயும் நேரத்தில், சரவணனும் பள்ளிக்குப் போகும் எங்கள் மகள் யாழினியும் பார்க்காத சமயம், ஒரு பெரிய கரண்டியின் காம்பால் தரையைத் தட்டிப் பார்ப்பேன். இருக்கும். சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு கல் டொக் என்னும். மெல்ல மெல்லப் பயம் விட்டுப்போய், வழியில் நிற்காமல் ஒதுங்கிக்கொள்ளக்கூடப் பழகிவிட்டேன். சரவணன் வண்டி வந்து நின்றதும் எல்லாக் கல்லும் கெட்டியாகிவிடும். நம்புங்கள், அது எனக்கு ஒரு துணை மாதிரி இருந்தது.

ஒரு நாள் தட்டினேன், எங்கேயும் இல்லை. மறுநாளும் இல்லை. மனசு கேட்காமல் அங்கிளுக்குப் போன் செய்தேன். "நானே கூப்புடணும்னு நெனச்சேன்மா," என்றார் சந்தோஷமாக. மகன் வந்து அம்மாவைத் தன்னோடு சிங்கப்பூருக்கே அழைத்துப் போய்விட்டானாம். இப்போது நன்றாகத் தூங்குகிறார்களாம். போனை வைத்துவிட்டு அழுதேன், நல்ல அழுகைதான். ஹால் மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்கு ஓவர்டைம். வெளியே பேய் மழை. பாலத்தில் விபத்து, யாரோ மோட்டார் சைக்கிள்காரராம் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். சரவணன் போனை எடுக்கவில்லை. லைனை விட்டு நகர முடியாது, ஒரே இடத்தில் நின்று சர்க்யூட் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றுகூடக் கண்ணில் பதியவில்லை. உடம்புதான் அங்கே நின்றது. மனசு முழுக்க எங்கள் வாசலில்தான் இருந்தது. இடைவேளை விட்டதும் யாழினிக்குப் போன் போட்டேன்.

"அப்பா வந்துட்டாராடா?"

"இப்பதான் வந்தாரு, குளிக்கிறாரு. போன் தண்ணியில நனஞ்சி செத்துப் போச்சாம்." அப்புறம் கேட்டாள். "அம்மா, நீங்க எங்க இருக்கீங்க?"

"ஃபேக்டரியில. எங்க இருப்பேன்?"

"இல்ல... நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்பா வர்ற வரைக்கும் ஹால்ல நீங்க நடக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சே. நான் ரூம்ல இருந்து 'அம்மா, பாத்து, கீழ கொட்டியிருக்கு'ன்னு கத்தினேனே."

பள்ளிக்கூட வேலைக்காக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தவள், தங்க நிற மினுமினுப்புத் தூளை ஹாலில் கொட்டிவிட்டாளாம். பக்கத்து வீட்டு டிவி சத்தமாக இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்குமே அப்படித்தான் தோன்றியது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். சரவணன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தரையை யாழினி துடைத்துவிட்டிருந்தாள், சுத்தமாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, காலையில் இதே வீட்டில் மாட்டிக்கொண்டு போன காலுறையைக் கழற்றினேன். தொழிற்சாலையில் அதைக் கழற்ற விட மாட்டார்கள், நான் கழற்றவும் இல்லை. காலுறையில் ஒன்றும் இல்லை.

அதற்குள்ளே இருந்த என் இரண்டு உள்ளங்காலிலும் தங்கத் தூள் மின்னியது.

கழுவிவிட்டேன். இரண்டு மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். சரவணனிடம் இன்றுவரை சொல்லவில்லை, சொன்னால் சிரிக்க மாட்டார் என்று பயம். இப்போதும் அவர் வரத் தாமதமானால், நான் எங்கே இருந்தாலும் முதலில் யாழினிக்குத்தான் போன் செய்கிறேன். அப்பா வந்துவிட்டாரா என்று கேட்பதில்லை. ஹாலில் யாராவது நடக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன். அவளும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, சில நாள் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள்.